ஸ்பான்சர் பதிவில் எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது

ஆசிரியருக்கு,

வலைப்பதிவு எழுதிச் சம்பாதிக்கும் வழிகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, ஸ்பான்சர் பதிவை (ஒரு நிறுவனத்திடம் பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு எழுதும் பதிவை) ‘எளிதான வருமானம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. பதிவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் அதுதான் என்பதால் இந்தக் கடிதம்.

ஸ்பான்சர் பதிவு என்ற பெயரில் மூன்று சரக்குகள் கைமாறுகின்றன. எழுதுபவரின் உழைப்பு ஒன்று, படிப்பவர்களின் கவனம் இன்னொன்று, பதிவுக்குள் வைக்கும் லிங்க் மூன்றாவது. முதல் இரண்டுக்கும் தாராளமாக விலை சொல்லலாம். கூகுள் தேடலில் ஒரு நிறுவனத்தை மேலே தள்ளுவதற்காக லிங்க்கை விற்பது மட்டும் கூடாது. ஆனால் பதிவர்களுக்கு வரும் மெயில்களில் பல கேட்பது அதைத்தான்.

அப்படிப்பட்ட மெயிலை அடையாளம் காண்பது கடினமில்லை. உங்கள் வாசகர்கள் யார், மாதம் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று அதில் ஒரு கேள்வியும் இருக்காது. டொமைன் அத்தாரிட்டி எவ்வளவு என்று மட்டும் கேட்பார்கள். (ஒரு தளம் தேடலில் எவ்வளவு மேலே வரக்கூடும் என்று மோஸ் என்ற நிறுவனம் தானாகக் கணக்கிடும் மதிப்பெண் அது. கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை.) பிறகு நிபந்தனைகள் வரும்: கட்டுரையை நாங்களே அனுப்புகிறோம், இரண்டு டூஃபாலோ லிங்க் (தேடல் வரிசைக்கு உதவும், குறி எதுவும் இல்லாத லிங்க்) வேண்டும், விளம்பரம் என்று எங்கேயும் போடக் கூடாது, பதிவை எப்போதும் நீக்கக் கூடாது. இன்னும் சிலர் புதுப் பதிவே வேண்டாம், பழைய பதிவில் ஒரு வாக்கியத்தை மட்டும் நுழைத்துவிடுங்கள் என்பார்கள். ஐந்து நிமிட வேலைக்குக் காசு என்று தோன்றும். எதிராளி வாங்குவது அந்த ஐந்து நிமிடத்தை இல்லை, பல வருடம் எழுதிச் சேர்த்த பெயரை.

கூகுளின் விதி இதில் தெளிவாகவே இருக்கிறது. பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு வைக்கும் லிங்க், தேடல் வரிசைக்கு உதவாதபடி குறிக்கப்பட வேண்டும். இதற்கு 2005 முதல் நோஃபாலோ என்ற குறி இருந்தது. 2019 செப்டம்பரில் ‘ஸ்பான்சர்ட்’ என்று தனிக் குறியே வந்துவிட்டது. இரண்டில் எதையும் போடலாம், கட்டண லிங்க்குக்குப் பின்னதுதான் பொருத்தம். பதிவை எழுதும் எடிட்டரை எச்டிஎம்எல் (நிரல்) பார்வைக்கு மாற்றி, அந்த லிங்க்கின் டேகுக்குள் ரெல் (rel) என்ற பண்புக்கு எதிரே ஸ்பான்சர்ட் (sponsored) என்று ஆங்கிலத்தில் எழுதினால் போதும்.

போட்டபின் அது நிலைக்கிறதா என்று பார்ப்பதில்தான் கவனம் வேண்டும். விளம்பரதாரர் திருத்தி அனுப்பிய பிரதியை அப்படியே காப்பி செய்து ஒட்டும்போது பழைய டேக் அழிந்து, குறி இல்லாத லிங்க் உட்கார்ந்துவிடும். வாக்கியத்தில் உள்ள லிங்க்குக்குக் குறி போட்டவர்கள், பொருளின் படத்துக்கும் அதே லிங்க் இருப்பதை மறந்துவிடுவார்கள். கீழே தள்ளுபடிக் கூப்பனுக்கான பட்டன் ஒன்று தனியாக இருக்கும், அதுவும் லிங்க்தான். எனவே பதிவு வெளியானபின் உலாவியில் திறந்து, ஒவ்வொரு லிங்க்கின் மீதும் ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

பார்க்காமல் விட்டு, கூகுள் கண்டுபிடித்தால், தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் மேனுவல் ஆக்‌ஷன் என்ற பிரிவில் ‘உங்கள் தளத்திலிருந்து இயற்கைக்கு மாறான லிங்க்குகள்’ என்ற அறிவிப்பு வரும். அடி விழுவது அந்த ஒரு பதிவுக்கு மட்டுமில்லை, முழுத் தளமும் தேடலில் பின்னுக்குப் போகலாம். மீட்க வழி உண்டு. கட்டண லிங்க் எல்லாவற்றையும் தேடிப் பிடித்து நீக்க வேண்டும் அல்லது குறி போட வேண்டும். எதெதைச் சரிசெய்தோம் என்று பட்டியலிட்டு மறுபரிசீலனை கோரிக்கை அனுப்ப வேண்டும். பதில் வரச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். பாதியைச் சரிசெய்துவிட்டு அனுப்பினால் நிராகரிப்புதான் வரும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தளத்தின் ஒரு மூலையை வாடகைக்கு விடும் யோசனையும் இதே வகைதான். கூப்பன் பக்கம், கடன் ஒப்பீட்டுப் பக்கம் என்று வெளியார் எழுதி, உங்கள் தள முகவரியின் பெயரில் தேடலில் ஏறுவார்கள். 2024 மார்ச்சில் கூகுள் இதைத் தளத்தின் நற்பெயரைத் தவறாகப் பயன்படுத்துவதாக வகைப்படுத்தியது. அந்த மே மாதம் முதல் நடவடிக்கையும் தொடங்கிவிட்டது.

அடுத்தது, வாசகருக்குச் சொல்லும் அறிவிப்பு. லிங்க்கின் குறி கூகுளுக்கு, அறிவிப்பு மனிதருக்கு. ஒன்றைச் செய்தால் மற்றது தேவையில்லை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். விளம்பரங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 2009-ல் தன் விளம்பர வழிகாட்டியைத் திருத்தியபோதே, பொருளை இலவசமாக வாங்கி எழுதும் பதிவரும் அதைச் சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்தது. பணம் வாங்கினால்தான் விளம்பரம், பொருள் வாங்கினால் இல்லை என்ற வாதம் அன்றோடு போயிற்று. பரிந்துரை எந்த மொழியில் இருக்கிறதோ அறிவிப்பும் அதே மொழியில் இருக்க வேண்டும் என்பதும் அந்த அமைப்பின் விளக்கம். தமிழில் இரண்டாயிரம் சொல் எழுதிவிட்டு மூலையில் ஆங்கில ஹேஷ்டேக் ஒன்றைச் செருகுவது இந்த அளவுகோலில் தேறாது.

‘இந்தப் பதிவுக்காக இன்ன நிறுவனம் எனக்குப் பணம் கொடுத்தது’ என்று முதல் பத்திக்கு மேலே, சாதாரண எழுத்தில் எழுதினால் போதும். வண்ணப் பெட்டியாகவோ படமாகவோ போடும்போதுதான் சிக்கல். முகப்புப் பக்கமும் வாசகருக்குப் போகும் மெயில் பிரதியும் பதிவின் முதல் சில வரிகளைத் தாமாக எடுத்துக்கொள்ளும். பெட்டியும் படமும் அதில் விடுபட்டுப் போய், விளம்பரம் வெறும் கட்டுரையாகப் போய்ச் சேரும். பார்வையற்றோர் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடரும் படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பெரும்பாலும் வாசிக்காது. ‘நன்றி’, ‘இணைந்து வழங்குபவர்’ போன்ற பூசி மெழுகும் சொற்கள் எதையும் தெரிவிப்பதில்லை.

இனி விலை. பார்வைகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து விலை சொல்லும் பதிவர் நஷ்டப்படுவார், ஏனென்றால் சிறு தளத்தில் பார்வை குறைவாக இருந்தாலும் வேலை குறைவதில்லை. பொருளைப் பயன்படுத்திப் பார்க்க 6 மணி, படமெடுக்க 3, எழுத 5, திருத்த 2, மெயிலுக்கும் இன்வாய்சுக்கும் 1 என்று வைத்தால் 17 மணி நேரம். உங்கள் ஒரு மணி நேரத்தின் விலையால் அதைப் பெருக்கினால் கிடைப்பது அடிமட்ட விலை, அதற்குக் கீழே இறங்கக் கூடாது. அதற்கு மேல் மூன்று விஷயங்களுக்குத் தனியாகக் கேட்க வேண்டும். நீங்கள் எடுத்த படங்களை நிறுவனம் தன் சொந்த விளம்பரத்தில் பயன்படுத்துவதற்கு ஒரு தொகை. போட்டி நிறுவனத்தைப் பற்றி இத்தனை மாதம் எழுத மாட்டேன் என்று கட்டுப்படுவதற்கு ஒரு தொகை. அந்த மாதங்களில் கைவிட்டுப் போகும் வாய்ப்பின் விலை அது. குறித்த காலத்துக்குப் பிறகும் பதிவு முகப்பில் நிற்க வேண்டுமானால் அதற்கு ஒன்று. ஒப்பந்தத்தில் ‘எல்லா ஊடகங்களிலும், காலவரையின்றி’ என்ற தொடர் வந்தால் முதல் தொகையை இலவசமாகக் கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள்.

ஒப்பந்தம் ஒரு பக்கம் இருந்தால் போதும், மெயிலில் ‘சம்மதம்’ என்று பதில் வாங்கினாலும் எழுத்தில் இருக்கிறது. திருத்தம் இரண்டு முறைதான், அதுவும் தகவல் பிழைகளுக்கு மட்டும் என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது சுற்றில் குறைகளைச் சொன்ன பத்தி காணாமல் போகும். லிங்க் போய்ச்சேரும் பக்கம் மாறினால் அறிவிக்காமலே நீக்கும் உரிமை உங்களுக்கு வேண்டும். இணைய முகவரிகள் காலாவதியாகிக் கைமாறும், சமையல் பாத்திரம் விற்ற தளம் சூதாட்டத் தளமாக மாறியிருக்கும், லிங்க் மட்டும் உங்கள் பதிவில் அப்படியே நிற்கும். பாதித் தொகை அட்வான்ஸ், மீதி வெளியான தேதியிலிருந்து 30 நாளுக்குள். ஏஜென்சி வழியாக வரும் வேலையில் ‘எங்கள் வாடிக்கையாளர் பணம் செலுத்தியபின்’ என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். அவர்களுக்கு வர வேண்டிய பாக்கியின் ரிஸ்க்கை உங்கள் தலையில் கட்டும் வரி அது. எழுதி முடித்தபின் நிறுவனம் பின்வாங்கினால் எவ்வளவு தர வேண்டும் என்பதையும் முதலிலேயே எண்ணாகக் குறித்துவிட வேண்டும்.

உங்கள் கட்டுரையில் ஆட்சென்ஸ் (பதிவில் கூகுள் காட்டும் விளம்பரங்களின் வருமானத்தில் பதிவருக்குப் பங்கு தரும் திட்டம்) பற்றிச் சொன்னதும் பழைய கணக்கு. கிளிக்குக்குக் காசு என்ற முறை 2024 தொடக்கத்தில் மாறிவிட்டது, இப்போது விளம்பரம் காட்டப்படுவதற்கே தொகை. விளம்பரதாரர் கூகுள் ஆட்ஸ் (விளம்பரம் வாங்கும் சேவை) வழியாக 100 டாலர் செலவழித்தால், அந்தச் சேவையின் கட்டணமாகச் சராசரியாக 15 டாலர் கழியும். மீதி 85-ல் 80 சதவீதம், அதாவது 68 டாலர், பதிவருக்கு. கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வரும். ஆயிரம் பார்வைக்கு 2 டாலர் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் முதல் தொகைக்கு 50,000 பார்வை வேண்டும். இருப்பு 10 டாலரைத் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் ஒரு பின் எண் அனுப்புவார்கள். நான்கு மாதத்துக்குள் அதை உள்ளிடாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். நண்பர்களைக் கிளிக் செய்யச் சொல்வதுதான் கணக்கு முடக்கப்படுவதற்கு மிகச் சுலபமான வழி.

அஃபிலியேட் கமிஷனில் (உங்கள் லிங்க் வழியாக நடக்கும் விற்பனையில் கிடைக்கும் பங்கில்) பார்க்க வேண்டியது சதவீதத்தை விடக் குக்கியின் (வாசகர் உங்கள் லிங்க்கில் வந்ததை உலாவியில் நினைவில் வைக்கும் சிறு ஃபைலின்) ஆயுள். 1996-லேயே தொடங்கிய அமேசான் திட்டத்தில் அது 24 மணி நேரம். வாசகர் உங்கள் லிங்க்கில் போய், யோசித்து, மூன்றாம் நாள் தானாகத் திரும்பி வந்து வாங்கினால் பொதுவாக உங்களுக்கு ஒன்றுமில்லை. யோசித்து வாங்கும் விலையுயர்ந்த பொருளுக்கு நீண்ட குக்கி தரும் திட்டமும், உடனே வாங்கும் சிறு பொருளுக்கு அமேசானும் ஒத்துவரும். புதிதாகச் சேர்பவர் 180 நாளில் மூன்று விற்பனையாவது காட்ட வேண்டும், இல்லாவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். எனவே பத்துப் பதிவாவது எழுதி, வாசகர் வரத் தொடங்கியபின் விண்ணப்பிப்பதே சரி. இந்த லிங்க்குகளுக்கும் ஸ்பான்சர்ட் குறியும் வாசகருக்கான அறிவிப்பும் உண்டு.

சந்தா, மின்னூல், வகுப்பு ஆகியவற்றைப் பற்றிக் கட்டுரை சொன்னது சரியே. தேடலில் வந்து போகும் ஆயிரம் பேரைவிட மெயில் முகவரி கொடுத்த நூறு பேர் அங்கே மதிப்பு வாய்ந்தவர்கள் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

மோசடியைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை. பேசிய தொகையைவிட அதிகமாக அனுப்பிவிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கேட்பது பழைய தந்திரம். நீங்கள் திருப்பியது போய்விடும், அவர்கள் அனுப்பியது பிறகு ரத்தாகும். இன்னொன்று, விளம்பர விவரம் என்று சொல்லி பாஸ்வேர்டு போட்ட ஜிப் ஃபைல் அனுப்புவது. உள்ளே ஆவணம்போல் தெரியும் ஃபைல் உண்மையில் புரோகிராம். திறந்தால் உலாவியில் உள்ள லாகின் விவரங்கள் திருடுபோய், தளமும் சேனலும் கைவிட்டுப் போகும். விவரங்களை மெயிலின் உடலிலேயே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். உண்மையான விளம்பரதாரருக்கு அதில் எந்தச் சிரமமும் இல்லை.

கடைசியாக உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாளிதழ்களின் இணையதளங்களில் வரும் கட்டணக் கட்டுரைகளில் ‘விளம்பரதாரர் பகுதி’ என்ற குறிப்பு பல நேரம் கட்டுரையின் அடியில், சாம்பல் நிறத்தில், மற்ற எழுத்தில் பாதி அளவில் இருக்கிறது. செல்போனில் படிப்பவர் அதுவரை இறங்கி வருவதே இல்லை. பதிவர்கள் பெரிய இதழ்களைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். உங்கள் தளத்தில் அந்தக் குறிப்பைத் தலைப்புக்கு மேலே, தலைப்பின் நிறத்திலேயே போடுங்கள். பட்டியல் பக்கத்திலும், வாட்ஸ்அப்பில் பகிரும்போது தெரியும் சிறு அட்டையிலும் அது வர, தலைப்பின் முதல் சொல்லாகவே ‘விளம்பரம்:’ என்று சேர்த்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
இணைய விளம்பரத் துறையைச் சேர்ந்த வாசகர்