கேட்காமல் டாப்பில் ஓட்டை போடாதீர்கள்: கிருஷ்ணகிரி பட்டறைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பட்டறை முதலாளிகளுக்கும் டிங்கர் மேஸ்திரிகளுக்கும் வணக்கம்.

கிருஷ்ணகிரியிலும், காவேரிப்பட்டணம், பர்கூர், சூளகிரி, ஓசூர் பக்கமும் கார் வேலை பார்க்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். என் சிவப்பு ஸ்பிட்ஃபயர் காரின் டாப்பை, அதாவது கூரையை, ஒரு பட்டறையில் ஒட்டி ஸ்க்ரூ அடித்த விவகாரம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எந்தப் பட்டறை என்று நான் சொல்லப் போவதில்லை. ஒருவரை நடுத்தெருவில் நிறுத்தி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அங்கே நடந்தது நாளை வேறு எந்தப் பட்டறையிலும் நடக்கலாம் என்பதுதான் என் கவலை.

கேட்பது ஒன்றே ஒன்று. டாப்பில் சத்தம் வருகிறது என்று ஒரு பழைய வண்டி வந்தால், அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும்வரை அதில் டிரில்லை வைக்காதீர்கள்.

என் அப்பா வைத்திருந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் அது, இரண்டு பேர் உட்காரும் பிரிட்டிஷ் கார். 1970-ஆம் ஆண்டு வண்டி. இரும்புத் தகட்டில் செய்த ஹார்ட் டாப். முன்பக்கம் கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பிலும், பின்பக்கம் பாடியிலும் போல்ட் போட்டுப் பூட்டுவது. கழற்றுவதற்கென்றே செய்தது. நான் கொண்டு போனபோது இரண்டு சத்தம் இருந்தது. வேகத்தடையில் ஒரு சக்கரம் முதலில் ஏறும்போது தலைக்கு மேலே ஒரு கிறீச். ஜல்லி பெயர்ந்த சாலையில் பின்னாலிருந்து ஒரு கடகட. இரண்டையும் தனித்தனியாகச் சொல்லித்தான் விட்டுவந்தேன். "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும், பாத்துக்கலாம்" என்றார்கள்.

வண்டியைத் திரும்ப எடுக்கப் போனபோது கதவைத் திறந்ததுமே வினிகர் வாடை அடித்தது. டாப்பும் பாடியும் சேரும் இடமெல்லாம் சிலிக்கான். கண்ணாடித் தொட்டி ஒட்டுவதற்கு வாங்குவோமே, அதே டியூப். பின்பக்கம் டாப்பின் விளிம்பில் வரிசையாக ஸ்க்ரூ. டாப்பைத் துளைத்து, அதற்குக் கீழே இருக்கும் பாடியின் பின் தகட்டிலும் இறக்கியிருந்தார்கள். அப்பா பார்த்துப் பார்த்து ஏற்றிய பெயிண்டில் ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் பொரிந்து எழுந்த விளிம்பு. "இனிமே சத்தமே வராது சார்" என்றார்கள். உண்மைதான், டாப்பே இனிமேல் வராது.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஸ்பிட்ஃபயரில் பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது என்று டிரில் பிடித்த பையனுக்கு யாராவது சொன்னார்களா? சீட்டுக்குப் பின்னால், டிக்கியின் முன்பக்கத்தில். பெட்ரோல் மூடி அந்தப் பின் தகட்டின் நடுவிலேயே இருக்கிறது, மறைவாகக்கூட இல்லை. அதற்குப் பக்கத்தில்தான் டிரில் ஓடியிருக்கிறது. நீளமான ஸ்க்ரூ ஒன்று கொஞ்சம் தள்ளி இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது, வண்டி போகட்டும், அந்தப் பையனை நினைத்துத்தான் எனக்கு வயிறு கலங்குகிறது.

அந்த வினிகர் வாடைக்கும் ஒரு காரணம் உண்டு. அந்த வகை சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியே விடும். பெயிண்ட் போன வெறும் தகட்டில் அது பட்டால் துரு பிடிக்கும். ஸ்க்ரூ போட்ட ஓட்டையெல்லாம் வெறும் தகடுதான். அப்புறம், சிலிக்கான் பட்ட இடத்தில் மறுபடி பெயிண்ட் அடித்தால் பெயிண்ட் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகி நிற்கும். இது உங்கள் பெயிண்டர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கதவு கிறீச்சிடுகிறது என்று வீட்டுக் கதவை ஆணி அடித்து மூடுவோமா?

உங்களில் மூத்தவர்கள் ஸ்டாண்டர்டு ஹெரால்டில் வேலை பார்த்திருப்பீர்கள். 1961-லிருந்து சென்னையில் செய்த வண்டி. ஸ்பிட்ஃபயர் அந்த ஹெரால்டின் வழியில் வந்ததுதான். இரண்டையும் வரைந்தவர் ஒரே இத்தாலிக்காரர், மிக்கெலோட்டி. ஹெரால்டின் கூரையும் போல்ட் போட்டுப் பூட்டுவதே. ஹெரால்டின் சேஸியில், அதாவது பாடியைத் தாங்கும் அடிச்சட்டத்தில், பக்கவாட்டில் ஓடும் சட்டங்கள் ஸ்பிட்ஃபயரில் கிடையாது. அந்தப் பாரத்தைக் கதவுக்குக் கீழே இருக்கும் சில் தகடு தாங்குகிறது. ஆகவே சில் அரித்திருந்தாலோ, பாடிக்கும் சேஸிக்கும் நடுவே இருக்கும் பேடு நசுங்கியிருந்தாலோ பாடி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கல் மேலே வந்து டாப்பில் சத்தமாகக் கேட்கும். நோய் கீழே, சத்தம் மேலே. மேலே எத்தனை டியூப் பிழிந்தாலும் அது போகாது. ஹெரால்டில் கைப்பழக்கம் உள்ளவர்கள் கதவு இடைவெளியைப் பார்த்தே இதைச் சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்டவர்கள் இன்னும் நம் பக்கம் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சத்தத்தைத் தேடுவது பெரிய வித்தையும் இல்லை. முதலில் டாப்பைக் கழற்றி வைத்துவிட்டு அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் அப்படியே வந்தால் அது டாப்பே இல்லை. கதவுப் பூட்டு, டிக்கி, ஜாக்கி என்று வேறு பக்கம் தேடலாம். நின்றுவிட்டால் டாப்பின் ஓரத்தில் ஓடும் ரப்பர் பட்டையான பீடிங் முழுக்கச் சாக்பீஸ் தேய்த்து டாப்பை வைத்துப் பூட்டி மறுபடி கழற்றுங்கள். எங்கே பாடியில் வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கே பீடிங் உட்காருகிறது, ஒட்டாத இடத்தில் உட்காரவில்லை. ஒரு துண்டுப் பேப்பரை நடுவில் வைத்துப் பூட்டி இழுத்தாலும் தெரிந்துவிடும்: சும்மா வந்தால் லூசு, கிழிந்தால் டைட்டு.

காய்ந்த ரப்பர் பெயிண்டில் ஒட்டி ஒட்டி விடுபடுவதுதான் அந்தக் கிறீச். நம் ஊர் வெயிலில் ரப்பர் இறுகாமல் என்ன செய்யும்? நன்றாகத் துடைத்துவிட்டு ரப்பருக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸைக் கொஞ்சம் தடவினாலே பாதிச் சத்தம் அடங்கிவிடும். வீல் பேரிங்குக்குப் போடும் கிரீஸ் வேண்டாம்; அது ரப்பரை ஊத வைத்துவிடும். நசுங்கிப் போன பீடிங்கை மாற்றத்தான் வேண்டும். கடகட சத்தம் என்றால் எங்கோ இரும்போடு இரும்பு உரசுகிறது. போல்ட்டுக்குக் கீழே இருந்த ரப்பர் வாஷர் விழுந்திருக்கும். எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால் போட்டு, டாப்பைச் சரியாக உட்கார வைத்த பிறகு மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுசாக முறுக்கிவிட்டு அடுத்த பக்கம் போனால் டாப் கோணிக்கொள்ளும். அப்புறம் கதவுக் கண்ணாடி பீடிங்கில் இடிக்கும், அது ஒரு புதுச் சத்தம்.

இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் செய்வதில்லை என்றால், தேடுகிற நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை. மாற்றிய சாமானுக்கும் அடித்த பெயிண்டுக்கும்தான் பில். அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்கு வழி, தேடுவதற்கும் கூலி கேட்பதுதான். கேளுங்கள். அரை நாள் தேடினேன், இவ்வளவு ஆகும் என்று தைரியமாகச் சொல்லுங்கள். பழைய வண்டி வைத்திருப்பவன் அதைக் கொடுப்பான்.

சாலை போடுகிறவர்களையும் சொல்லத்தான் வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டரில் அலுங்காமல் ஏறி இறங்கலாம். எங்கள் தெருமுனைகளில் இருப்பது பாதி இரவில் யாரோ கொட்டிவிட்டுப் போன கான்கிரீட் வரப்பு. பெயிண்டும் இல்லை, பலகையும் இல்லை. பைக்கில் பிள்ளையை வைத்துக்கொண்டு போகிறவர்கள் இருட்டில் அதன்மேல் ஏறித் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். கார் டாப் கிறீச்சிடுவது அதன் முன் சின்ன விஷயம். சரி, அதை அவர்களுக்குத் தனியாக எழுதுகிறேன். இந்த மடல் உங்களுக்கு.

இன்னொரு காரணமும் உண்டு. 2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். சேஸி, பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவத்தில் இருக்க வேண்டும். நம்பரில் 'விஏ' என்று வரும், பத்து வருடம் செல்லும். அதற்கு விண்ணப்பிக்கத்தான் நான் சின்னச் சின்ன வேலைகளை முடித்துக்கொண்டிருந்தேன். கழற்ற வேண்டிய டாப்பை ஸ்க்ரூ அடித்து ஒட்டி வைத்த வண்டியை, பரிசோதிக்க வருபவர்கள் முன் எந்த முகத்தோடு நிறுத்துவேன்? அப்பா இருந்திருந்தால் அவருக்கு என்ன பதில் சொல்வேன்?

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொழில்மேல் எனக்கு மரியாதை உண்டு. வளைந்த மட்கார்டைச் சுத்தியலும் கட்டையும் வைத்தே நேராக்கும் கைகள் இந்தப் பக்கம் இருக்கின்றன. அந்தக் கைகள் டியூபையும் டிரில்லையும் எடுப்பதுதான் தாங்கவில்லை. ஆகவே மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்: முதலில் கழற்றிப் பாருங்கள், சத்தம் எங்கே என்று கண்டுபிடியுங்கள். ஓட்டை போட்டே ஆக வேண்டும் என்றால் வண்டிக்காரருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

என் வண்டி இப்போது வீட்டு வாசலில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. டேங்கைக் காலி செய்து வெளியே எடுத்த பிறகு, நைலான் நூலால் சிலிக்கானை அறுத்து, டாப்பைத் தூக்கி, பின் தகட்டில் இருக்கும் ஓட்டைகளை வெல்டிங் வைத்து மூட ஒரு நல்ல கை வேண்டும். உங்களில் யார் முன்வந்தாலும் வண்டியைக் கொண்டுவருகிறேன். தேடுகிற நேரத்துக்கான கூலியை முன்பணமாகவே தருகிறேன்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பழைய கார்க்காரன்