உங்கப்பா கத்தி

பழைய வண்ணாரப்பேட்டை,
செவ்வாய்க்கிழமை

அன்பு மச்சான்,

உன் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. சனி, ஞாயிறு கடையில் மூச்சுவிட நேரமில்லை, திங்கட்கிழமை உடம்பு வலி. இன்றைக்குத்தான் சலூனுக்கு லீவு, காலை நீட்டி உட்கார்ந்து எழுதுகிறேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பையன் வேலைக்கு மெட்ரோவில் போய் வருகிறான். 2021-இலிருந்து விம்கோ நகர் வரைக்கும் ரயில் ஓடுகிறது தெரியுமா? நாம் பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போன தூரத்தை அவன் ஏசியில் தூங்கிக்கொண்டே கடக்கிறான். பேத்திக்குக் காது குத்தியாயிற்று. நீ வரவில்லை என்று என் வீட்டுக்காரி இன்னும் முணுமுணுக்கிறாள், அதை நேரில் வந்து சமாளித்துக்கொள்.

சரி, கத்திக்கு வருகிறேன். டிரங்குப் பெட்டியில் கிடந்த உங்கப்பாவின் சவரக்கத்தியை எடுத்து, அரிவாள்மனை தீட்டும் கல்லில் நாலு இழுப்பு இழுத்தாய், இப்போது அது முடியை வெட்டாமல் பிடுங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். படிக்கும்போதே எனக்குக் கன்னம் எரிந்தது. தயவுசெய்து இனி அந்தக் கல் பக்கம் கொண்டுபோகாதே. அதைவிட முக்கியம், தெருவில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு மிதித்துச் சாணை பிடிக்கிறவரிடம் கொடுத்துவிடாதே.

நான் கொடுத்தேன். இதை உன்னிடம்கூட சொன்னதில்லை. பத்தாவது முடித்த லீவில், தாத்தா ஊருக்குப் போயிருந்த சமயம், அவர் திரும்புவதற்குள் அவருடைய சவரக்கத்தியைப் பளபளவென்று ஆக்கி வைக்கலாம் என்று எனக்கு ஒரு ஆசை. சாணைக்காரர் சக்கரத்தில் வைத்து அழுத்தினார், மத்தாப்பு மாதிரிப் பொறி பறந்தது. கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் விளிம்பை ஒட்டி மயில்கழுத்து நீலம். அழகாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். தாத்தா வந்ததும் பையைக்கூட இறக்கவில்லை, கத்தியை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். "செத்துப்போச்சுடா" என்றார், அவ்வளவுதான். அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. எஃகு அந்த நீலத்துக்கு வர ஏறக்குறைய 300 டிகிரி சூடு ஏற வேண்டும். சவரக்கத்தியின் விளிம்பில் இருக்கும் கடினம் அந்தச் சூட்டில் இறங்கிவிடும். அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது, ஒரு கன்னம் முடிவதற்குள் மடங்கும். அந்தக் கத்தி இன்னும் கடையில்தான் இருக்கிறது. நுரை துடைக்கப் பழைய பேப்பரைத் துண்டு போடுவது அதில்தான்.

உன் கத்தி அப்படிச் சாகவில்லை, மழுங்கித்தான் இருக்கிறது. 'சோலிங்கன்' என்று பொறித்திருக்கிறதே, அது யார் பெயர் என்று கேட்டிருந்தாய். ஆள் பெயர் இல்லை, ஜெர்மனியில் கத்திக்கே பேர்போன ஊர். பின்னி மில் சம்பள நாளில் உங்கப்பா அதை மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிய கதையை அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். 1985-இல் மார்க்கெட் எரிந்தது, 1996-இல் மில்லையும் மூடிவிட்டார்கள். கத்தி மட்டும் பெட்டியில் கிடந்திருக்கிறது, பார்.

முதலில் பல்பு வெளிச்சத்தில் விளிம்பை மேலே பார்க்கும்படி பிடி. கூரான விளிம்பில் வெளிச்சம் தங்க இடமே இருக்காது. வெள்ளைப் புள்ளியாக எங்காவது மின்னினால் அங்கே மழுங்கல் அல்லது பல்லுப் போயிருக்கிறது. விளிம்பிலேயே துரு தின்ற குழி இருந்தால் நீ கைவைக்காதே, எனக்கு அனுப்பு.

கல் விஷயம். உங்கண்ணன் திருவொற்றியூர் கார்போரண்டம் கம்பெனியில் இருந்தவர், சாணைச் சக்கரத்தில் பொடி எத்தனை நைசு என்று நம்பர் போட்டிருப்பதை அவரே விளக்குவார். நம்பர் கூடக்கூடப் பொடி மெல்லிசு. சவரக்கத்திக்கு 1000-இல் ஆரம்பித்து, 4000, 8000 என்று போக வேண்டும். தண்ணீர் விட்டுத் தீட்டும் கல்லாக வாங்கு. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இருபக்கக் கல் சமையல்கட்டுக்குத்தான். புதுக் கல்லையும் நம்பாதே, மேடுபள்ளமாக இருக்கலாம். கண்ணாடித் தகட்டின் மேல் உப்புத்தாளை விரித்து, கல்லில் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுத் தேய். கோடு எல்லா இடத்திலும் ஒன்றாக அழிந்தால்தான் கல் சமம்.

இனிமேல்தான் விஷயமே. சமையல் கத்தியைத் தீட்டும்போது எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று கைக்குத் தெரிய வேண்டும். சவரக்கத்தியில் அந்தக் கவலையே கிடையாது. அதன் முதுகு தடிமனாக இருப்பது அதற்காகத்தான். முதுகும் விளிம்பும் இரண்டும் கல்லில் படும்படி படுக்கப்போடு, சாய்வு தானாக அமையும். நீ செய்த தப்பு முதுகைத் தூக்கிப் பிடித்ததாகத்தான் இருக்கும். தூக்காதே, ஒரு மயிரிழைகூட. கல்லில் விளிம்பு முன்னால் போக வேண்டும், கல்லின் தோலை ஒரு சீவு சீவுவதுபோல. கத்தி கல்லின் அகலத்தைவிட நீளம், அதனால் அடிப்பக்கத்தில் தொடங்கி நுனிப்பக்கம் குறுக்காக இழுத்துக்கொண்டே போ. கடைசியில் முதுகு மேல் புரட்டி, மறுபக்கத்தை அதேபோல் திருப்பிக்கொண்டு வா. விளிம்பு மேல் புரட்டினாயோ, அத்தனையும் பாழ்.

அழுத்தம்தான் எல்லோரையும் கவிழ்க்கும். 1000-இல் கொஞ்சம் விரல் கனம் இருக்கலாம். முழங்கை முடியைச் சுத்தமாக எடுக்கிற வரை அந்தக் கல்லை விட்டு நகராதே, அடிவாரம் போடாமல் மேல்மாடி கட்ட முடியாது. 8000-க்கு வந்ததும் கத்தியின் சொந்தக் கனம் மட்டும் போதும். அப்போது காதைக் கொடு. முதலில் கரகரவென்று இருந்த சத்தம் மெல்ல அடங்கி, ஈரத்தரையில் காலை இழுத்து நடக்கிற மாதிரி ஆகிவிடும். கண்ணையும் கொடு. விளிம்பு கல்லோடு முழுசாக ஒட்டினால், முன்னால் உள்ள தண்ணீர் கத்தி முகத்தில் அலைபோல் ஏறிவரும். ஒரு இடத்தில் ஏறாமல் அடியில் நழுவினால் அங்கே கூர் இன்னும் சேரவில்லை. எத்தனை இழுப்பு என்று என் அப்பாவிடம் கேட்டால் பதில் சொல்லமாட்டார். "தண்ணி சொல்லும்" என்பார்.

அப்புறம் தோல் வார். இது தினமும், ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால். கல் என்பது வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை. நேற்று மழித்த முகத்தின் முரட்டு முடியில் பட்டு விளிம்பு அங்கங்கே சாய்ந்திருக்கும், அதை நிமிர்த்தி வழவழப்பாக்குவதுதான் வாரின் வேலை. வாரில் போக்கு தலைகீழ்: முதுகு முன்னால், விளிம்பு பின்னால். மறந்து கல்லில் போகிற மாதிரி போனால் தோலில் பிளவு விழும். விழட்டும், என்னுடைய முதல் வார் கறி வெட்டும் கட்டை மாதிரி ஆயிற்று. வாரை விறைப்பாக இழுத்துப் பிடி. தொய்ந்தால் விளிம்பை உருட்டி விட்டுவிடும். வாரோடு இருக்கும் கேன்வாஸ் பட்டையில் இருபது, தோலில் நாற்பது, எனக்கு அதுதான் கணக்கு. அப்பா வாரே இல்லாமல் உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி முடித்துவிடுவார். அதை நீ முயற்சி செய்யாதே.

கடையில் நானும் இப்போது பாதி பிளேடு மாட்டுகிற கத்திதான். 1986-இல் நம்ம சென்னையிலேயே இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தார்கள் அல்லவா, சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் அம்மா குழுவினர். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, கஸ்டமர் ஒவ்வொருவரும் "புது பிளேடு போடு" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டது சரிதான். பல பேர் முகத்துக்கு ஒரே கத்தி என்ற காலம் போனதில் எனக்கு வருத்தம் கிடையாது. இப்போது பையன்கள் தாடிக்கு ஓரம் கட்டத்தான் வருகிறார்கள், கூர் கத்தியின் அருமை அவர்களுக்கு எதற்கு? என் கத்தியை என் முகத்துக்கு மட்டும், செவ்வாய்க்கிழமை தவறாமல் போடுகிறேன். இதோ இப்போதுதான் முடித்துவிட்டு எழுதுகிறேன்.

ஒன்று மறந்துவிட்டேன். முடித்ததும் தண்ணீரில் அலசி, துணியில் துடைத்து, வாரில் இரண்டு இழுப்பு இழுத்து ஈரத்தை எடு. பிறகு ஒரு சொட்டு எண்ணெய். பாத்ரூமில் வைக்காதே. கடல்காற்றில் காசிமேட்டில் மண்வெட்டியே ஒரு வாரத்தில் சிவந்துபோகும், நீ இருக்கிற ஊரில் பரவாயில்லை என்றாலும் பழக்கமாக்கிக்கொள்.

முதல் நாள் கன்னம் மட்டும். சோப்பை நன்றாக ஊற வை, தோலை இன்னொரு கையால் இழுத்துப் பிடி, கத்தியைக் கிட்டத்தட்டப் படுக்கப்போடு. மேவாயும் மீசையடியும் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். படிகாரக் கல்லைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வை. வெட்டுப் பட்டால் எங்கே பட்டது என்று எழுது, கை எங்கே தூக்குகிறது என்று அதிலிருந்தே சொல்லிவிடுவேன்.

உன்
சலூன்காரன்