முழு லோடோடு ஓட்டிப் பார்த்து எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த சிறிய கிராஸ்ஓவர் (காரின் அடித்தளத்தில் எஸ்யூவி போல உயரமாகக் கட்டிய வண்டி) ஒப்பீட்டைப் படித்தேன். இருக்கை, திரை, டிக்கி, சஸ்பென்ஷன் என்று எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இந்த வகை வண்டியை வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, இந்தச் சின்ன இன்ஜின் ஹைவேயில் இழுக்குமா என்பதைத்தான். அதற்கு ஒரே வரியில், சக்தி போதுமானது என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு, எந்தச் சாலையில், எந்த கியரில் என்று ஒரு விவரமும் இல்லை. பெரும்பாலான விமர்சனங்கள் இப்படித்தான் எழுதப்படுகின்றன என்பதால்தான் இந்தக் கடிதம்.

சமதளத்தில் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பது மட்டும்தான் கேள்வி என்றால் உங்கள் வரி முழுக்கச் சரி. சிறிய கிராஸ்ஓவர் ஒன்று 100 கி.மீ. வேகத்தில் சீராகப் போவதற்கு இன்ஜினிலிருந்து 20 முதல் 25 குதிரைத்திறன் வந்தாலே போதும். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் முதலில் வந்தபோது அதன் இன்ஜின் 25 குதிரைத்திறன்தான். அதை வைத்துக்கொண்டே மணிக்கு 100 கி.மீ. வரை போனது. இன்றைக்கு மிகச் சாதாரணமான சிறிய கிராஸ்ஓவரிலும் 70க்கு மேல் இருக்கிறது. வேகம் கூடினால் காற்றின் எதிர்ப்பு கடுமையாக ஏறும், அதைச் சமாளிக்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடியில் கூடும். அப்படியும் 120 கி.மீ. வேகத்துக்கு 35 குதிரைத்திறன் பக்கம்தான் வருகிறது. ஆக, தனியாக ஒருவர் காலி நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தால் எந்த வண்டியும் நன்றாகத்தான் போகும். அதை வைத்து ஒரு வண்டியைப் பாராட்டவும் முடியாது, குறை சொல்லவும் முடியாது.

சிக்கல் வருவது மேட்டிலும் ஓவர்டேக்கிலும். இரண்டுக்கும் வேண்டியது உபரி சக்தி. அது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை பிரோஷரில் உள்ள உச்ச எண் சொல்லாது.

மேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சாலை. நெடுஞ்சாலைகளில் இது அசாதாரணமான ஏற்றம் கிடையாது. ஆட்களும் சாமானும் சேர்த்து 1,700 கிலோ எடையுள்ள வண்டி அதில் 100 கி.மீ. வேகத்தை விடாமல் ஏற, அந்த எடையைத் தூக்குவதற்கு மட்டுமே 38 குதிரைத்திறன் வேண்டும். காற்று, டயர், கியர்பாக்ஸ் எல்லாம் தின்பதைச் சேர்த்தால் 65 பக்கம் போகும். இன்ஜினில் 90 இருக்கிறதே, பிறகென்ன என்று தோன்றும். அந்த 90 கிடைப்பது 6,000 ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 முறை சுற்றும்போது. டாப் கியரில் 2,200 ஆர்பிஎம்மில் ஓடிக்கொண்டிருக்கும்போது, டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத அதே இன்ஜின் தன் முழு டார்க்கான, அதாவது சுழற்று விசையான, 115 நியூட்டன் மீட்டரையும் கொடுத்தாலும் கையில் கிடைப்பது 36 குதிரைத்திறன்தான். மூன்றாம் கியருக்கு இறக்கி ஆர்பிஎம் முள்ளை 4,500க்குக் கொண்டுபோனால் 70 வரும், வண்டி ஏறிவிடும். வண்டியும் அதேதான், மேடும் அதேதான். ஆனால் ஒருவர் வண்டி திணறுகிறது என்பார், இன்னொருவர் ஒரு குறையும் இல்லை என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

இதைக் கண்ணால் பார்த்ததால் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இருப்பது டர்போ இல்லாத சிறிய இன்ஜின் கிராஸ்ஓவர். ஐந்து பேரும் பெட்டிகளும் நிறைந்திருந்த ஒரு மலைப்பாதைப் பயணத்தில் என் தம்பி ஓட்டினான், நான் பக்கத்தில் இருந்தேன். ஐந்தாம் கியர், முள் 1,800க்குக் கொஞ்சம் மேலே. ஆக்சிலரேட்டர் தரையைத் தொட்டுவிட்டது. இன்ஜின் உள்ளுக்குள் உறுமுகிறதே தவிர வேகம் 80லிருந்து 70க்கு, 70லிருந்து 60க்கு இறங்கிக்கொண்டே வருகிறது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடிக்கிறது. மூணுக்கு மாத்து என்றேன். மாற்றியதும் முள் 3,500ஐத் தாண்டியது, சத்தம் ஏறியது, பின் சீட்டில் இருந்த அம்மா பதறி, “ஏன்டா இப்படி அலறுது, மெதுவாப் போ” என்றார். ஆனால் வண்டி மறுபடி வேகம் பிடித்துக்கொண்டது.

அம்மாவின் அந்தப் பதற்றம் ஓட்டுகிற பல பேருக்கும் இருக்கிறது. நகரத்துக்குள் மைலேஜுக்காகச் சீக்கிரம் சீக்கிரமாக கியர் ஏற்றிப் பழகிய கால், 4,000 ஆர்பிஎம் சத்தத்தைக் கேட்டாலே இன்ஜினுக்கு ஏதோ ஆகிவிடும் என்று நினைக்கிறது. ஆர்பிஎம் மீட்டரில் உள்ள சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும் வரை, சூடேறிய இன்ஜினுக்கு அதனால் கெடுதல் எதுவும் இல்லை. இதை உங்களைப் போன்ற பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். சிவிடி கியர்பாக்ஸ் (தனித்தனி கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) உள்ள வண்டிகளில் இந்தப் பயம் இன்னும் அதிகம். அழுத்தி மிதித்தால் இன்ஜின் 5,000க்குப் போய் அங்கேயே நிற்கும், வேகம் பின்னால் மெல்ல வந்து சேரும். சத்தம் கேட்டவுடன் காலை எடுத்துவிடுகிறவருக்கு அந்த வண்டியின் பலம் கடைசி வரை தெரியாமலே போகும்.

டர்போ இன்ஜின்கள் இந்த இடத்தில்தான் உண்மையாகவே உதவுகின்றன. ஃபோர்டின் 1 லிட்டர், மூன்று சிலிண்டர் ஈகோபூஸ்ட் 2012, 2013, 2014 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உலகின் சிறந்த இன்ஜின் விருதை வாங்கியது. ஈகோஸ்போர்ட்டில் வந்த 125 குதிரைத்திறன் வடிவத்தில் அதன் டார்க் 170 நியூட்டன் மீட்டர். அவ்வளவு டார்க் இருந்தால் 2,200 ஆர்பிஎம்மிலேயே 53 குதிரைத்திறன் கிடைக்கும். மேலே சொன்ன 36ஓடு ஒப்பிட்டால், கியர் மாற்றச் சோம்பல்படுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று புரியும். மலை உயரத்திலும் டர்போவுக்கு அனுகூலம் உண்டு. டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும், டர்போ அந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். அதற்காக டர்போ குறையே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே விழுந்துவிட்டால் மிதித்ததும் ஒரு கணம் ஒன்றுமே நடக்காது. ஓவர்டேக்குக்கு வெளியே வந்த பிறகு அந்த ஒரு கணம் பயமுறுத்தும்.

அப்புறம் எடை. பல சிறிய கிராஸ்ஓவர்களுக்கு அடியில் இருப்பது அதே கம்பெனியின் ஹேட்ச்பேக்தான். இன்ஜினும் பெரும்பாலும் அதுவே. அதன் மேல் உயரமான உடல், பெரிய சக்கரம், கூடுதல் எடை. முன்பக்கம் அகலமும் உயரமுமாக இருப்பதால் காற்றும் அதிகம் தடுக்கும். ஹேட்ச்பேக்கில் துறுதுறுவென்று இருந்த அதே இன்ஜின் கிராஸ்ஓவரில் மந்தமாகத் தெரிவது இதனால்தான். மேலே கேரியர் வைத்துச் சாமான் கட்டினால் இன்னும் மோசம். உட்காருகிற உயரம் மட்டும்தான் வேண்டும் என்பவர்கள் இதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். இதை உங்கள் ஒப்பீடு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

ஓவர்டேக்குக்கு வருகிறேன். பிரோஷரில் போடுவது நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. தொட எத்தனை நொடி என்பது. நெடுஞ்சாலையில் யாரும் நின்ற இடத்திலிருந்து ஓவர்டேக் செய்வதில்லை. அங்கே தேவை 80லிருந்து 120க்குப் போக எவ்வளவு நேரம் என்பது. 100 குதிரைத்திறன் வண்டி, ஓட்டுநர் மட்டும் உள்ளே, மொத்தம் 1,300 கிலோ, சரியான கியரில் முழுதாக மிதித்தால் கணக்குப்படி ஏறக்குறைய 11 நொடி. அதே வண்டியில் இன்னும் நாலு பேரும் டிக்கி நிறையப் பெட்டிகளும் ஏறினால் 400 கிலோ கூடும், நேரம் 15 நொடிக்குப் போகும். நாலு நொடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். இருவழிச் சாலையில், எதிரே ஒரு வண்டி 80 கி.மீ. வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். அந்த நாலு நொடியில் நாம் 110 மீட்டர் போயிருப்போம், எதிரே வருபவர் 90 மீட்டர் வந்திருப்பார். காலி வண்டியில் பழகிய கண்ணும் காலும் போடும் கணக்கு இப்படி 200 மீட்டர் பிசகுகிறது. தினமும் தனியாக வேலைக்கு ஓட்டிப் போகிறவர் விடுமுறையில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பும் நாளில்தான் இது நேர்கிறது. உங்கள் விமர்சகர் தனியாக ஓட்டிவிட்டுப் போதும் என்று எழுதினால், அதைப் படிக்கிற குடும்பஸ்தர் தன் வண்டியைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்று நம்பிவிடுவார்.

எல்லாருக்கும் 150 குதிரைத்திறன் வேண்டும் என்பது என் கட்சி அல்ல. இரண்டு பேர் மட்டும் போகிற வீட்டுக்கு, பிரித்துப் போட்ட நாலுவழிச் சாலைதான் பெரும்பாலும் என்றால், சின்ன இன்ஜினே தாராளம், எரிபொருளும் மிச்சம். முழு லோடு, மலை, இருவழிச் சாலை மூன்றும் அடிக்கடி சேர்கிற வீடு என்றால் அடிப்படை இன்ஜினைத் தவிர்த்து டர்போவுக்கோ நல்ல ஹைபிரிடுக்கோ போக வேண்டும், அதற்காக சன்ரூஃபையும் பெரிய திரையையும் விட்டுக்கொடுத்தாலும் தப்பில்லை. மின்சார கிராஸ்ஓவர்களில் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை, மிதித்ததும் இழுக்கும். அங்கே கவலை வேறு: வேகமாகப் போனால் பேட்டரி சீக்கிரம் இறங்கும். வாங்குகிற எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரையும் ஏற்றி, ஏசியைப் போட்டு, ஒரு மேம்பாலமாவது ஏறிப் பாருங்கள்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். இனி வரும் ஒவ்வொரு விமர்சனத்திலும் 80லிருந்து 120க்கான நேரத்தை இரண்டு விதமாக, ஓட்டுநர் மட்டும் இருக்கும்போதும் முழு லோடோடும் எடுத்துப் போடுங்கள். மேனுவல் வண்டி என்றால் மூன்றாம் கியரில் ஒன்று, டாப் கியரில் ஒன்று. 100 கி.மீ. வேகத்தில் டாப் கியரில் முள் எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லோடுக்கு ஆள் தேடி அலைய வேண்டாம். 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 ஏற்றினால் 400 கிலோ ஆகிவிடும். நகராதபடி நன்றாகக் கட்டிவிட்டு, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் முழு லோடுக்கு எவ்வளவு காற்று என்று பார்த்து டயரில் அடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்