முதல் நடனம்: வகுப்புக்கு முன் பாட்டை எண்ணிப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

கலியாண வரவேற்பில் மணமக்கள் ஆடும் முதல் நடனத்தைப் பற்றிய உங்கள் வார இறுதிக் கட்டுரையில் அலங்காரமும் விளக்கும் புகையும் விரிவாக வந்திருந்தன. ஆட்டத்தைப் பற்றி ஒரே வரி: நாலு வகுப்புப் போதும். போதும்தான், பாட்டு சரியாக அமைந்தால்.

இதற்குப் பலரும் பழக வரும் வோல்ட்ஸ், இருவர் சேர்ந்து ஆடும் மூன்று எண்ணிக்கை ஆட்டம். இங்கே ரொறன்ரோவில் நம் பிள்ளைகள் ஆசையோடு தெரிவு செய்யும் சினிமாப் பாட்டுகளில் பல, நாலு எண்ணிக்கையில் ஓடுபவை. அவற்றுக்கு வோல்ட்ஸ் அடி வைத்தால் காலும் தாளமும் பிரிந்துகொண்டே போகும், பயிற்சியால் தீராது. திஸ்ர நடைப் பாட்டுகள் மூன்றில் வரும், ஆனால் வேகம் பார்க்க வேண்டும். மெது வோல்ட்ஸுக்கு நிமிடத்துக்கு 84 முதல் 90 எண்ணிக்கை. வியன்னா வோல்ட்ஸுக்கு 174 முதல் 180. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு மெதுவானதே நல்லது. கைபேசிக் கடிகாரத்தைப் பார்த்து 15 வினாடிக்குப் பாட்டின் தாளத் தட்டுகளை எண்ணுங்கள். 21 முதல் 23 வந்தால் அந்தப் பாட்டை எடுக்கலாம்.

அடி எளிது. மாப்பிள்ளை இடக்காலை முன்னே வைத்து, வலக்காலைப் பக்கத்தில் வைத்து, இடக்காலை அதோடு சேர்ப்பார். பிறகு வலக்கால் பின்னே, இடக்கால் பக்கத்தில், வலக்கால் சேர். பெண்ணுக்கு இதன் மறுபாதி: முதலில் வலக்கால் பின்னே. குழப்பம் எப்போதும் மூன்றாவது எண்ணிக்கையில்தான். சேர்க்கும் காலுக்கு உடல் பாரத்தை மாற்றாமல் சும்மா தொட்டு வைப்பார்கள். அடுத்த ஒன்றுக்கு அதே கால் மறுபடி எழும்பும், முழங்கால்கள் இடிபடும். மூன்றில் நின்று மற்றக் காலைத் தூக்கிப் பாருங்கள். தூக்க வரவில்லையா, பாரம் மாறவில்லை. குனிந்து பாதத்தைப் பார்ப்பதால் இது சரியாகாது, தோள்தான் முன்னே சரியும்.

சேலை கட்டி ஆடுகிறவர்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று. மாப்பிள்ளையின் வலக்கை பெண்ணின் இடது தோள்பட்டை எலும்பில் இருக்க வேண்டும். முந்தானை விழுவதும் அங்கேதான். முந்தானைக்கு மேலே கை வைத்தால், திரும்பும்போது துணி இழுபட்டுத் தோளில் குத்திய ஊசி கிழிக்கும். கையை முந்தானைக்குக் கீழே கொண்டுபோங்கள். கொசுவம், ஆடும் சப்பாத்தைப் போட்டபடி நிலத்திலிருந்து ஓர் அங்குலம் மேலே நிற்கட்டும். இல்லாவிட்டால் முன்னே வைக்கும் அடியில் அதுவே மிதிபடும். பின்னால் இழுபடும் வெள்ளைக் கவுன் என்றால் ஆபத்து முதல் அடியிலேயே, ஏனென்றால் பெண் பின்னே போகிறார். வாலைத் தூக்கி மாட்டக் கொக்கியும் வளையமும் தைக்கச் சொல்லுங்கள்.

றப்பர் அடிச் சப்பாத்து மர மேடையில் திரும்ப விடாது. தோல் அடியே நல்லது.

முழுப் பாட்டும் வேண்டாம், ஒன்றரை நிமிடம் தாராளம். ஒவ்வொரு மூன்று எண்ணிக்கைக்கும் வட்டத்தில் நாலில் ஒரு பங்கு இடப்பக்கம் திரும்பினால், ஏறக்குறைய 8 வினாடியில் ஒரு முழுச் சுற்று வரும். பார்ப்பவர்களுக்கு அதுவே நிறைவு. வெட்டிய பாட்டை நீங்களே டீஜேயிடம் கொடுங்கள். பெயரை மட்டும் சொல்லிவிட்டால் அவர் வேறு வேகத்தில் உள்ள பதிவைப் போடக்கூடும்.

நடன ஆசிரியர்கள்,
ஸ்காபரோ