பொருள்: வரிகளை விழுங்கும் 'ஹெட்' கட்டளை பற்றிய புகார்

அனுப்புநர்: கன்டெய்னர் பட்டியல் அலுவலகம், தண்டையார்பேட்டை, சென்னை
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

ஐயா, வணக்கம்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை வாங்கும் உங்கள் கமாண்ட் லைன் தொகுப்புக்கு ஆண்டுச் சந்தா கட்டுகிறவன் நான். போனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

காலையில் வரும் கன்டெய்னர் பட்டியலில் தலைப்பு வரியை ஹெட் எடுக்கும், மிச்சத்தை அதே கோப்பில் ஹெட் விட்ட இடத்திலிருந்து சார்ட் என்ற கட்டளை வரிசைப்படுத்தும். கடைசி அப்டேட் வரை ஒழுங்காகத்தான் ஓடியது. இப்போது ஒரு வரி கேட்டால் ஹெட் 4096 பைட்டை வாரிக்கொள்கிறது, ஒரு வரியை அச்சிட்டுவிட்டு, கோப்பில் படிக்கும் இடத்தை அந்த வரியின் முடிவுக்குப் பின்னுக்கு நகர்த்தாமலே வெளியேறுகிறது. சார்ட் அங்கிருந்துதான் படிக்கிறது. பட்டியலின் உச்சியில் '417, மணலி' என்று ஒரு துண்டு நிற்கிறது. நான்கு எழுத்தும் ஏழு எண்ணும் இருக்க வேண்டிய கன்டெய்னர் எண்ணின் வால் அது! கோப்பில் அதற்கு முன்னால் இருந்த பெட்டிகள் எதையும் காணோம். எர்ரர்கூட வராது. சின்னக் கோப்பு என்றால் தலைப்பு மட்டும்தான் மிஞ்சும்.

உங்கள் ஆள் ஒருவர், "பைப்ல எப்படி சார் பின்னாடி போகும்? பேசிக் தெரியாம புகார் டிக்கெட் போடாதீங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டார். ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு ஊட்டுவதுதான் பைப்; நான் பைப்பே போடவில்லை. கோப்பைத்தான் நேராகக் கொடுத்தேன். அப்படிக் கொடுத்தால், வேலை முடிந்த இடத்துக்கு அடுத்த பைட்டில் நிறுத்திவிட்டுத்தான் வெளியேற வேண்டும் என்று இந்த மாதிரிக் கட்டளைகளுக்கான பாசிக்ஸ் தரமே சொல்கிறது. இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மெட்ரோவில் கிண்டி அலுவலகத்துக்கும் வந்தேன். அப்பாயின்ட்மென்ட் இல்லையாம், வரவேற்பில் இருந்தவர் லேப்டாப்பைத் திறக்கவே விடவில்லை. திரும்பும் வழியில், டிக்கெட் தீர்க்கப்பட்டது என்று மெசேஜ். என்னய்யா தீர்ந்தது? பட்டியலில் இல்லாத பெட்டிக்கு டிரெய்லர் போகவில்லை, யார்டு வாடகை என் தலையில் விழுந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் இனி ஒரு டிரெய்லர்காரரும் என்னை நம்ப மாட்டார். என் தொழிலே போச்சு.

தயவுசெய்து ஹெட்டைச் சரிசெய்யுங்கள், அதுவரை பழைய பதிப்பையாவது கொடுங்கள். சோதிக்க ஒரு நிமிடம் போதும். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவனும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். இந்த வாரத்துக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைப்பேன், அப்புறம் நுகர்வோர் ஆணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். அந்த போன் பேசியவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். வாடகை ரசீதுகளை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்