வளைகுடாக் கரையை ஆண்டது லண்டன் மட்டுமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வளைகுடா நாடுகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். துபாய் வளர்ந்த விதம், எண்ணெய்ப் பணம், நம் ஆட்களின் உழைப்பு எல்லாவற்றையும் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் எண்ணெய் கிடைக்கும் வரை அது யாரும் எட்டிப் பார்க்காத பாலைவனம், ஆங்கிலேயர் பாதுகாப்பு மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கியே இருந்தார்கள் என்ற பொருளில் நடுவில் ஒரு வரி வருகிறது. அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. ஷார்ஜாவில் 22 வருடம் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். அந்தக் கரையின் பழைய கதை தெரியாமலேயே அங்கே அத்தனை வருடம் இருந்திருக்கிறேன், ஊர் திரும்பிய பிறகுதான் தேடிப் படித்தேன்.

அங்கே வேலை பார்த்தபோது எங்கள் கிடங்குக்கு ஒரு வயதான உள்ளூர்க்காரர் வருவார். கையில் இருப்பது திர்ஹம், ஆனால் வாயில் வருவது 'ருப்பியா'தான். எத்தனை ருப்பியா என்றுதான் கேட்பார். எங்களிடம் பேசுவதற்காக அப்படிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. அவர் இளைஞராக இருந்த காலத்தில் அந்த ஊரில் புழங்கிய பணமே இந்திய ரூபாய்தான். 1959இல் நம் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி நிறத்தில் நோட்டு அடித்தது. அங்கிருந்து தங்கம் கடத்தப்பட்டு, அதற்கான ரூபாய் இங்கிருந்து அங்கே போய், பிறகு அன்னியச் செலாவணியாக மாற்றக் கேட்டுத் திரும்பி வந்ததால் செய்த ஏற்பாடு அது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்த பிறகுதான் துபாயும் கத்தாரும் வேறு பணத்துக்கு மாறின. ஓமன் 1970 வரை வைத்திருந்தது.

சரி, ரூபாய் எப்படி அங்கே போனது என்று பார்த்தால் கதை பம்பாயில் தொடங்குகிறது. 1819 கடைசியில் பம்பாயிலிருந்து ஒரு படை, இன்றைய ஐக்கிய அரபு அமீரகத்தில் உள்ள ராஸ் அல் கைமாவுக்குப் போனது. மேஜர் ஜெனரல் கெய்ர் கிராண்ட் தலைவர், படையில் பம்பாய் ராணுவத்தின் சிப்பாய்கள். கடற்கொள்ளையை அடக்கப் போனதாகத்தான் ஆங்கிலேயர் எழுதி வைத்தார்கள். அந்தக் கரையை ஆண்ட காசிமி குலத்தார் கொள்ளைக்காரர்களா, தங்கள் கடல் வாணிபத்தைக் காத்துக்கொள்ளப் போராடியவர்களா என்ற வாதம் இன்றைக்கும் ஓயவில்லை, இப்போதைய ஷார்ஜா ஆட்சியாளரே அந்தக் குற்றச்சாட்டை மறுத்து ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். என்னைக் கேட்டால், கோட்டையை இடித்து, கப்பல்களை எரித்து முடித்த பிறகு, 1820 ஜனவரியில் நீட்டிய காகிதத்தை ஒப்பந்தம் என்று சொல்வதற்கே தயக்கமாக இருக்கிறது. அதே ஆண்டில் ஓமனில் பனூ பூ அலி குலத்தாரிடம் அந்தச் சிப்பாய்ப் படை அடிபட்டுப் பெரும் சேதம் அடைந்தது. அங்கே செத்த நம் நாட்டுச் சிப்பாய்களை நினைத்துப் பார்க்க யாரும் இல்லை.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் கட்டுரை 'பாதுகாப்பு' என்ற ஒரு சொல்லில் முடித்துவிட்டது. அந்தக் கரையில் வாழ்வு என்றால் முத்துக் குளிப்பு. கோடையில் நான்கு மாதம் ஆண்கள் எல்லாம் கடலில் இருப்பார்கள். அந்தச் சமயத்தில் ஷேக்குகளுக்குள் சண்டை வந்தால் எல்லோருக்கும் நஷ்டம். இதைப் பிடித்துக்கொண்டுதான் 1835இல் ரெசிடென்சி என்ற பிரிட்டிஷ் பிரதிநிதி அலுவலகத்தின் பொறுப்பில் இருந்த ஹென்னல் என்பவர் முத்துக் காலத்துக்கு மட்டும் கடலில் சண்டை கூடாது என்று ஓர் உடன்பாடு செய்து வைத்தார். அது வருடா வருடம் புதுப்பிக்கப்பட்டு, 1843இல் பத்து வருடம் என்றாகி, 1853இல் நிரந்தரம் ஆனது. கடலில் அமைதி வந்ததால் குளிப்பவனுக்கு நன்மை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஷேக்குகளும் விரும்பித்தான் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஆனால் 1892இல் வந்த காகிதத்தைப் பாருங்கள்: பிரிட்டிஷாரைத் தவிர வேறு எந்த அரசோடும் உடன்பாடும் கூடாது, கடிதப் போக்குவரத்தும் கூடாது, வேறு அரசின் பிரதிநிதி யாரும் ஊரில் தங்கக் கூடாது, நிலத்தை வேறு யாருக்கும் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. கடலில் சண்டை போடாதே என்று தொடங்கி, நாங்கள் சொல்லாமல் யாருக்கும் கடிதம் எழுதாதே என்று வந்து நின்றது. இதற்குப் பெயர் ஒதுங்கி இருப்பதா?

இதையெல்லாம் நடத்திய அலுவலகம் பாரசீகக் கரையில் புஷெர் என்ற ஊரில் இருந்தது. 1946இல்தான் அது பஹ்ரைனுக்கு மாறியது. அங்கிருந்த ரெசிடென்ட் லண்டனுக்கு நேராகப் பதில் சொல்பவர் இல்லை. முதலில் பம்பாய் அரசுக்கு, 1873 முதல் கல்கத்தாவில் இருந்த இந்திய அரசுக்கு. அவரும் அவருக்குக் கீழே இருந்த பொலிடிகல் ஏஜென்ட்டுகளும் பெரும்பாலும் இந்தியப் பணியைச் சேர்ந்தவர்கள். ஷார்ஜாவிலோ 1820கள் முதல் 1930கள் வரை நிரந்தரமாக ஒரு வெள்ளைக்கார அதிகாரிகூட இல்லை. முஸ்லிம் வணிகர் ஒருவரை ஏஜென்ட்டாக வைத்து அவர் மூலமாகவே ஷேக்குகளிடம் பேசினார்கள். வெயில் தாங்காது, செலவும் மிச்சம், மொழியும் பழக்கமும் தெரிந்த ஆள். அவருக்குச் சொந்த வியாபாரமும் இருக்கும், ரெசிடென்ட்டின் காதும் இருக்கும். அப்படிப்பட்டவரை ஷேக்குகள் எவ்வளவு எச்சரிக்கையோடு கையாண்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

தபாலும் நம்முடையது. துபாயில் 1909இல் திறந்தது இந்தியத் தபால் நிலையம், ஒட்டியது இந்தியத் தபால்தலை. 1947இல் சுதந்திரம் வந்ததும் சில மாதம் பாகிஸ்தான் தபால்தலை ஒட்டி, 1948 ஏப்ரலிலிருந்து பிரிட்டிஷ் தபால்தலைமேல் 'அணா' என்று அச்சடித்து ஒட்டினார்கள். பஹ்ரைனில் பிரிட்டிஷ் பிரஜைகள் மீதும் வெளிநாட்டவர் மீதும் வந்த வழக்குகளுக்கு இந்தியத் தண்டனைச் சட்டம். 1913இல் லண்டனில் ஆணை போட்டு 1919இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 1899இல் குவைத் ஷேக் முபாரக் ரகசியமாக ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டபோது அவருக்குக் கொடுத்தது 15,000 ரூபாய். பவுண்டு இல்லை, ரூபாய்! மஸ்கட்டின் கதை இன்னும் பெரியது. ஒரே சுல்தானின் ஆட்சியில் இருந்த மஸ்கட்டையும் சான்சிபாரையும் 1861இல் பிரித்துத் தீர்ப்பு எழுதியவர் கல்கத்தாவில் உட்கார்ந்திருந்த வைஸ்ராய் கேனிங். சான்சிபார் ஆண்டுக்கு 40,000 வெள்ளி நாணயம் மஸ்கட்டுக்குத் தரவேண்டும் என்பது தீர்ப்பு. பிறகு அந்தப் பணம் இந்தியக் கருவூலத்தின் தலையில் விழுந்தது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த இடத்தைத்தான். புஷெரின் சம்பளம், கப்பல், தூதரக மரியாதைச் செலவு, ஷேக்குகளுக்குக் கொடுத்த பரிசு ஆகியவற்றில் பெரும் பங்கு இந்திய வரிப்பணம். சென்னை மாகாணத்தில் நிலவரி கட்டிய குடியானவனின் காசும் அதில் சேர்த்திதான். அவனுக்குப் புஷெர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. அவனைக் கேட்டும் யாரும் செலவழிக்கவில்லை. 1903 நவம்பரில் அப்போதைய வைஸ்ராய் கர்சன் பிரபு போர்க்கப்பல்கள் சூழ வளைகுடாவைச் சுற்றிவந்தார். ஷார்ஜாவுக்கு எதிரே கடலில், ஆர்கனாட் கப்பலின் மேல்தளத்தில் தர்பார் நடத்தி, ஷேக்குகளை வரவழைத்து உட்கார வைத்து உரையாற்றினார். ரஷ்யாவும் ஜெர்மனியும் பிரான்சும் இந்தக் கடலுக்குள் வந்துவிடக் கூடாது என்ற கவலைதான் அந்தப் பயணம் முழுக்க. இந்தியாவுக்குப் போகும் வழியைக் காப்பது என்பார்கள். அப்போது இங்கே 1899-1900 பஞ்சத்தின் வடுகூட ஆறியிருக்கவில்லை.

அங்கே போன நம் நாட்டு வணிகர்களையும் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது. சிந்து, கச்சு பக்கத்து பனியாக்கள் முத்துத் தொழிலுக்குக் கடன் கொடுத்தார்கள், முத்தை பம்பாய்க்கு அனுப்பினார்கள். முத்துப் படகின் தலைவரான நகுதா அவர்களிடம் கடன்பட்டிருப்பார், குளிப்பவன் நகுதாவிடம் கடன்பட்டிருப்பான். (நகுதா என்ற சொல் நம் கீழக்கரைப் பக்கத்திலும் உண்டு, கடல் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும்.) அந்த வணிகர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள் என்பதால் அவர்கள் கடன் வராவிட்டால் பீரங்கிக் கப்பல் ஷேக்கின் ஊருக்கு எதிரே வந்து நிற்கும். குளிப்பவர்களில் பலர் ஆப்பிரிக்காவிலிருந்தும் பலூசிஸ்தானிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகள். தப்பி ஓடிவந்து ஷார்ஜா ஏஜென்சியிலோ புஷெரிலோ மஸ்கட்டிலோ தங்கள் கதையைச் சொன்னவர்களுக்கு விடுதலைச் சான்றிதழ் கிடைத்தது, அந்த வாக்குமூலங்கள் நூற்றுக்கணக்கில் ஆவணமாக இருக்கின்றன. எங்கே பிறந்தேன், எந்த வயதில் பிடித்தார்கள், யாரிடம் விற்றார்கள் என்று ஒரு பக்கத்தில் ஒரு வாழ்க்கை. சிலவற்றைப் படித்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடல்வழி அடிமை வியாபாரத்தை எதிர்த்து ஒப்பந்தம் மேல் ஒப்பந்தம் போட்டவர்கள், கரையில் அடிமைகளின் உழைப்பில் ஓடிய முத்துத் தொழிலில் கைவைக்காமலே நெடுநாள் விட்டார்கள். ஜப்பானின் வளர்ப்பு முத்தும் 1929இன் பொருளாதார வீழ்ச்சியும் வந்து அந்தத் தொழிலே படுத்த பிறகுதான் அந்தக் கரை உண்மையில் பட்டினியில் விழுந்தது. கட்டுரையில் சொன்ன 'ஒன்றும் இல்லாத பாலைவனம்' அந்தப் பதினைந்து இருபது வருடத்துக் காட்சி.

பாதுகாப்பு என்ற சொல்லுக்கே திரும்பி வருகிறேன். 1967 நவம்பரில் பிரிட்டிஷ் அமைச்சர் கொரான்வி ராபர்ட்ஸ் வளைகுடாவுக்கு வந்து, நாங்கள் போகமாட்டோம் என்று ஷேக்குகளுக்கு உறுதி சொன்னார். இரண்டே மாதத்தில், 1968 ஜனவரியில், அதே ஆள் திரும்பி வந்து 1971க்குள் போய்விடுவோம் என்று சொன்னார். படைச் செலவை நாங்களே தருகிறோம், இருங்கள் என்று ஷேக்குகள் கேட்டுப் பார்த்தார்கள், பயனில்லை. 1971 நவம்பர் 30ஆம் தேதி, ஒப்பந்தங்கள் முடிய ஒரு நாள் இருக்கும்போது, ஈரான் படை ராஸ் அல் கைமாவின் தும்ப் தீவுகளில் இறங்கியது. உயிர்களும் போயின. பாதுகாப்பதாகச் சொன்னவர்கள் அசையவில்லை. 1819-20 படையெடுப்பில் கப்பல்களை இழந்த அதே ஊர், ஆங்கிலேயர் போகும்போது தீவுகளையும் இழந்தது. டிசம்பர் 2ஆம் தேதி ஐக்கிய அரபு அமீரகம் பிறந்தபோது ராஸ் அல் கைமா அதில் சேரவில்லை, 1972 பிப்ரவரியில்தான் சேர்ந்தது. அந்தத் தீவுகளுக்கான தகராறு இன்னும் முடியவில்லை.

உங்கள் பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார்கள், அல்லது இருந்து வந்தவர்கள். அவர்கள் வேலை பார்க்கும் ஊருக்கு 200 வருட அரசியல் கதை உண்டு, அதில் நம் பணமும் சிப்பாயும் சட்டமும் கலந்திருக்கிறது என்று தமிழில் விரிவாக எழுத ஒரு தொடர் வேண்டும். மூல ஆவணங்களுக்கு லண்டன் போக வேண்டியதில்லை. லண்டனிலிருந்து இந்திய நிர்வாகத்தைக் கவனித்த இந்தியா ஆபீஸின் கோப்புகள் ஏராளமாக கத்தார் டிஜிட்டல் லைப்ரரி தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, டெல்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் வெளியுறவுத் துறைக் கோப்புகள் இருக்கின்றன. எழுதுபவர்கள் ஆங்கிலேய அதிகாரிகளின் குறிப்பை மட்டும் நம்பாமல் அரபு வரலாற்றாசிரியர்களையும் படித்து எழுத வேண்டும். துபாயிலும் ஷார்ஜாவிலும் பழைய ஆட்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அங்கே உங்கள் நிருபர் இருந்தால் 'ருப்பியா' என்று சொல்பவர்களைத் தேடிப் பேசச் சொல்லுங்கள். நான் சேர்த்து வைத்த குறிப்புகள் இரண்டு நோட்டு இருக்கின்றன, யாருக்காவது பயன்பட்டால் பிரதி எடுத்து அனுப்பத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர்,
தேவகோட்டை