புதுநன்மைக்குப் பிள்ளைகளைத் தயாரித்த நம் ஊர்க்காரர்களுக்கு நன்றி

உபதேசியார் தாத்தாவுக்கும், மரியாயின் சேனை செபக்குழு அக்காமார்களுக்கும், நம் கிளைப்பங்கு மக்கள் அனைவருக்கும்,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

போன ஞாயிறு பூசையில் நம் பிள்ளைகள் புதுநன்மை, அதாவது முதல் முறையாக நற்கருணை, வாங்கினார்கள். குடியாத்தத்துப் பக்கம் ஃபாதர் தங்கியிராத இப்படிப்பட்ட கிளைப்பங்குகள் எத்தனையோ. ஃபாதர் ஒருவர், ஊர்களோ பல. அவர் வராத நாளில் விசுவாசத்தைக் காத்தவர்கள் நீங்கள்தான்.

பீடி சுற்றும் அக்காவுக்கு முதல் நன்றி. மடியில் முறம், முறத்தில் வெட்டிய இலை, தூள், நூல். கை ஓயாது, வாய் செபம் சொல்லிக்கொடுக்கும். நம் விசுவாசத்தை அறிக்கையிடும் செபமான விசுவாசப் பிரமாணத்தில் 'போஞ்சு பிலாத்தின் அதிகாரத்தில்' என்ற இடத்தில் ஒரு பையன் தினமும் தடுக்கி நிற்பான். அக்கா ஒருநாளும் அதட்டியதில்லை. நூலைக் கட்டியபடியே அந்த வரியை அவனோடு சேர்ந்து சொல்வார். ஞாயிறன்று அவன் தடுக்காமல் சொன்னபோது அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆயிரம் பீடிக்குத்தான் கூலி. அந்தக் கூலி நேரத்தைத்தான் நம் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

தாத்தா, சாவு வீடானாலும் நோயாளி வீடானாலும் செபப் புத்தகத்தோடு முதலில் வந்து நிற்பது உங்கள் சைக்கிள்தான். தாது வருஷப் பஞ்சக் காலத்தில் (1876–78) சேத்துப்பட்டு ஃபாதர் தாராஸ் சாமியார் செய்த பணியை இன்றும் பெருமையாகப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் அவரோடு ஊர் ஊராய் நடந்து செபம் சொல்லிக்கொடுத்த உபதேசிமார்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1952-இல் வேலூர் மறைமாவட்டம் உருவாகும் முன்பே அவர்கள் இந்த மண்ணில் விதைத்துவிட்டுப் போனார்கள். நீங்கள் அந்த வரிசையில் வருகிறவர்.

திருமுழுக்கும் உறுதிப்பூசுதலும் பெற்ற ஒவ்வொருவருக்கும் விசுவாசத்தை அறிவிக்கும் இந்தப் பணி உண்டு என்று 1965-லேயே உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டது. 2022-இல் புனிதரான தேவசகாயமும் குருவல்ல, நம்மைப் போலக் குடும்பஸ்தர்தான். இருந்தும் 'ஃபாதர் பார்த்துக்கொள்வார்' என்று நாம் ஒதுங்குகிறோம். எனக்கு அது ஆறாத வருத்தம்.

மழை நாளில் திண்ணையை ஒழித்துக் கொடுத்த எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு, அவர் வேறு சாமி கும்பிடுகிறவர், தனி நன்றி. பிள்ளைகளைக் கோயிலுக்கு ஏற்றிவந்து காசு வாங்க மறுத்த ஆட்டோ அண்ணனுக்கும்.

அடுத்த மறைக்கல்வி வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்க இன்னும் இரண்டு பேர் வேண்டும். படிப்பு முக்கியமில்லை, செபம் தெரிந்தால் போதும். தாத்தாவிடம் பெயர் கொடுங்கள்.

இயேசுவில் அன்புடன்,
மறைக்கல்விப் பொறுப்பாளர்